திலகாவின் இரண்டாவது விண்ணப்பம்

முதல் முறை இடம் கிடைக்கவில்லை என்ற செய்தியைத் திலகா காருக்குள் உட்கார்ந்துதான் படித்தாள். அமெரிக்காவில் திங்கட்கிழமை காலையில் வெளியான செய்தி அது. மலேசியாவின் லாபுவில் அப்போது எல்லாரும் படுக்கப் போகிற நேரம். பார்க்கப் பயந்து கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். மறுநாள் காலை கிளினிக்கின் பின்பக்கம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திறந்து பார்த்தாள். வருந்துகிறோம் என்று தொடங்கும் நாலு வரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முதல் நோயாளியைக் கூப்பிட்டாள்.

ரஷ்யாவில் மருத்துவம் படித்தவள் அவள். ஊர் திரும்பி, சிரம்பான் ஆஸ்பத்திரியில் புது டாக்டர்களுக்கான ஹவுஸ்மேன் பயிற்சி முடித்து, லாபு பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒப்பந்த டாக்டராக வேலை பார்த்தாள். ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்று வருடா வருடம் பேச்சு நடக்கும். மேலே படித்துக் குடும்ப மருத்துவ நிபுணராக வேண்டும் என்பது அவள் ஆசை. உள்ளூரில் அந்தப் படிப்புக்குக் காத்திருக்கிறவர்கள் ஏராளம். அமெரிக்காவில் மூன்று வருடம் ஒரு மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி பெறலாம், ரெசிடென்சி என்பார்கள். அதற்கு உலகம் முழுவதிலிருந்தும் டாக்டர்கள் விண்ணப்பிக்கிறார்கள். பரீட்சைகளை எழுதி, விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டு, கடைசியில் மருத்துவமனை விரும்பும் ஆளும் ஆள் விரும்பும் மருத்துவமனையும் பொருந்தி வந்தால்தான் இடம். திலகா கோலாலம்பூரில் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். ஆனால் ஒரே ஒரு மருத்துவமனைதான் அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. அதுவும் கைகூடவில்லை.

அவளும் கணவன் குணாளனும் மாமியார் புஷ்பவள்ளியும் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஸ்டாஃப் வீட்டில் குடியிருந்தார்கள். குணாளன் தோட்டத்து எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேன். ஆலையின் மின்சாரம் முழுக்க அவன் பொறுப்பு. அவன் வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. புஷ்பவள்ளிக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சூசையம்மாள் என்ற தோழியோடு சேர்ந்து கேண்டீன் நடத்தினாள்.

அன்று சாயங்காலம் குணாளன் ஆலையிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், பல வாரமாகச் சூடாகாமல் கிடந்த குளியலறை வாட்டர் ஹீட்டரைக் கழற்ற ஆரம்பித்தான். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் அவன். மனசு சரியில்லாத நாட்களில் வீட்டில் ஏதாவது ஒன்று பழுது பார்க்கப்படும். திலகா வாசற்படியில் உட்கார்ந்து அவன் கேட்கும் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் கொடுத்தாள். ஹீட்டர் வேலை செய்ததும், "குளி, சுடுதண்ணி வருது" என்றான். அவள் நெடுநேரம் குளித்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்ததை அவன் பார்த்தான். குனிந்து ஸ்க்ரூட்ரைவர்களைப் பெட்டியில் அடுக்கினான்.

சாப்பாட்டு மேசையில் புஷ்பவள்ளி அவள் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள். "போனா போவுதுலா. இங்க என்ன கொறைச்சல்?" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்து போனது. திலகா அதைக் கவனித்தாள். கோபம் வரவில்லை. முட்டையைப் பிட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பிரெண்டன் கைப்பேசியில் கூப்பிட்டான். சிரம்பான் பையன். ரஷ்யாவில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அங்கே பனிக்காலத்தில் இருவரும் ஒரே சட்டியில் ரசம் வைத்துக் குடித்தவர்கள். இப்போது ஒஹாயோ மாநிலத்தில் குடும்ப மருத்துவத்தில் முதல் வருடப் பயிற்சி. அவள் முதல் முறை விண்ணப்பம் போட்டபோது அவனிடம் காட்டவில்லை. நல்ல செய்தியோடு போய் நிற்கலாம் என்று இருந்துவிட்டாள். இப்போது எல்லாவற்றையும் அனுப்பியிருந்தாள்.

பிரெண்டன் வளைத்துப் பேசுகிறவன் அல்ல. விண்ணப்பங்களைச் செப்டம்பரிலேயே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், நீ நவம்பரில் போட்டிருக்கிறாய், அதற்குள் பாதி இடத்துக்கு நேர்முகத் தேதி கொடுத்து முடித்திருப்பார்கள் என்றான். வெளிநாட்டவருக்கு விசா கொடுக்காத மருத்துவமனைகளுக்கெல்லாம் போட்டிருக்கிறாயே என்றான். பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்களை எடுக்காத இடங்களும் இருந்தன. பரிந்துரைக் கடிதங்கள் மூன்றும் பெரிய பதவியில் இருக்கிறவர்கள் கொடுத்தவை. மூன்று பேருமே அவள் வேலை செய்து பார்த்தவர்கள் இல்லை. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் அவள் ஒரு நாள்கூட நின்றதில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அவள் தன்னைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு வந்தான்.

"திலா, கோவிச்சுக்காத. இத படிச்சா யாரோ ஒரு நல்ல டாக்டர் இருக்காங்கன்னு தெரியுது. அது நீதான்னு தெரியல."

சின்ன வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை என்று தொடங்கியிருந்த பக்கம் அது. இணையத்தில் பார்த்த மாதிரிகளை வைத்து எழுதியது. திலகா அதை ஒத்துக்கொண்டாள். ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் இல்லை, பரிசு எதுவும் இல்லை, எழுதுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

அப்போது பின்னாலிருந்து குணாளன் பிரெண்டனுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தான். பெரட்டுக் களத்துக்குப் போகிறாளே, அதைச் சொல்லச் சொல் என்றான்.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். அங்கேதான் அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். திலகா மாதம் ஒருமுறை விடியற்காலையில் அங்கே போய், ஒரு மடக்கு மேசையைப் போட்டு, வேலைக்குப் போகுமுன் ஆட்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பாள். அது தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

முத்தாயி என்று ஒரு நோயாளி. தோட்டத்தில் புல்வெட்டுகிறவள். வருடக்கணக்கில் சர்க்கரை நோய். திலகா மாத்திரையைக் கூட்டுவாள், குறைப்பாள், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவாள். முத்தாயி தலையை ஆட்டிவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள், போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதைத் திலகாவிடம் அவள் சொன்னதில்லை, திலகாவும் கேட்டதில்லை. ஒருநாள் கால் விரல் கறுத்த நிலையில் மகன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது முத்தாயி அழவில்லை. "நீங்க நல்லாதான் மருந்து கொடுத்தீங்க டாக்டர். நாந்தான் வரல" என்று அவளைத் தேற்றினாள். அந்தத் தேறுதல்தான் திலகாவால் தாங்க முடியாததாக இருந்தது. அடுத்த மாதமே தோட்ட மேனேஜரைப் பார்த்துப் பேசி, பெரட்டுக் களத்தில் மேசை போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மூன்று முறை நடந்து கேட்டு வாங்கினாள்.

திலகா சொல்லச் சொல்லப் பிரெண்டன் எல்லாவற்றையும் கேட்டான்.

"இது எத்தன வருஷமா நடக்குது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"இத ஏன் எழுதல?"

"இது கிளினிக் வேலைதானே. இதுல என்ன இருக்கு?"

"நாங்க இங்க மூணு வருஷம் படிக்கிறதே இதத்தான்" என்றான் பிரெண்டன்.

அன்றிலிருந்து இரண்டாவது விண்ணப்பம் தொடங்கியது. முதல் முறை திலகா தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். இந்த முறை குணாளனும் உட்கார்ந்தான். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு மருத்துவமனையின் இணையப் பக்கத்தையும் திறந்து பார்ப்பான். விசா கொடுக்கிறார்களா, இப்போது அங்கே பயிற்சியில் இருப்பவர்களில் வெளிநாட்டில் படித்தவர்கள் யாராவது உண்டா, பழைய பட்டதாரிகளை எடுத்திருக்கிறார்களா என்று தேடுவான். ஸ்விட்ச்போர்டில் கோளாறு தேடுகிறவனைப் போல ஒவ்வொரு வழியாகச் சோதித்தான். சந்தேகம் வந்தால் அந்த இடத்துக்கே எழுதிக் கேட்கச் சொன்னான். முதல் முறை போட்டதில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போனது. சில புதிதாகச் சேர்ந்தன. பெரிய ஊர்கள் குறைந்தன. டாக்டர்கள் போகத் தயங்கும் சின்ன ஊர்கள் கூடின.

கிளினிக் நர்ஸ் ஒருத்தியோடு சேர்ந்து, பெரட்டுக் களத்தில் பார்த்த ஆட்களில் எத்தனை பேர் தொடர்ந்து சிகிச்சைக்கு வந்தார்கள் என்று திலகா தொகுத்தாள். முறைப்படி அனுமதி வாங்கி, கோலாலம்பூரில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில் ஓர் ஆய்வுச் சுவரொட்டியாக வைத்தாள். மகளின் பள்ளி விழாவுக்கு வந்த தகப்பனைப் போலக் குணாளன் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

ஜூலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஒஹாயோ போனாள். பிரெண்டன் வேலை செய்யும் மருத்துவமனையில் ஒரு மாதம் உடனிருந்து பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. அவனும் மனைவி ஷெரிலும் வீட்டு ஹாலில் அவளுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க மட்டும்தான் அனுமதி. நோயாளியைத் தொடக்கூடாது, மருந்து எழுதக்கூடாது. வருடக்கணக்காகத் தினமும் ஐம்பது அறுபது பேரைப் பார்த்தவளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது முதல் வாரத்தில் பெரிய சங்கடமாக இருந்தது. பிரெண்டனிடம் குறைப்பட்டுக்கொண்டாள். நீ நிற்கிற விதத்தைத்தான் பார்ப்பார்கள், கேள்வி கேள், சொன்னதைப் படித்துவிட்டு மறுநாள் வா என்றான்.

அப்படியே செய்தாள். மார்த்தா கெல்லர் என்ற மூத்த டாக்டர் ஒருவர், கடுகடுப்பானவர், முதலில் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு கிழவர் மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று பேச்சு வந்தபோது, அவர் யாரோடு வண்டியில் வருகிறார் என்று திலகா கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. போய்க் கேட்டார்கள். மகள் வேலைக்கு விடுப்பெடுத்தால்தான் அவர் வரமுடியும் என்று தெரிந்தது. அன்றிலிருந்து டாக்டர் கெல்லர் ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் வெளியே வந்ததும் திலகாவைப் பார்த்து, நீ என்ன கேட்டிருப்பாய் என்பார்.

மாதக் கடைசியில் பரிந்துரைக் கடிதம் கேட்கவேண்டும். எழுதித் தருவீர்களா என்று கேட்காதே, என்னை நன்றாக ஆதரித்து எழுத முடியுமா என்று கேள் என்று பிரெண்டன் சொல்லியிருந்தான். இரண்டு டாக்டர்களிடம் அப்படிக் கேட்டாள். ஒருவர், அந்த அளவுக்கு உன்னைப் பார்க்கவில்லையே என்று நேராகச் சொல்லிவிட்டார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் கெல்லர், இதைக் கேட்க ஏன் இத்தனை நாள் என்றார்.

ஊர் திரும்பியதும் தன்னைப் பற்றிய பக்கத்தைப் புதிதாக எழுதினாள். முத்தாயியிடம் அனுமதி கேட்கப் போனபோது, முத்தாயி செயற்கைக் காலோடு நடந்து வந்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். அமெரிக்காக்காரன் தன்னைப் பற்றிப் படிக்கப் போகிறான் என்பது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பேரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். பேர் போடக்கூடாது என்று திலகா சொன்னதும் முகம் கொஞ்சம் வாடியது. அந்தப் பக்கத்தைப் பிரெண்டனுக்கு அனுப்பினாள். அவன் இரண்டு காற்புள்ளிகளை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பினான். செப்டம்பரில் விண்ணப்பம் திறந்த அன்றே போட்டுவிட்டாள்.

அக்டோபரில் அழைப்புகள் வந்தன. மொத்தம் ஐந்து. முதல் அழைப்பு வந்தபோது குணாளன் ஆலையில் இருந்தான். கைப்பேசியில் சொன்னதும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் என்ன என்ன என்று கேட்டு, புரிந்ததும் ஆலைக்கு வெளியே ஓடி வந்து மறுபடி சொல்லச் சொன்னான். இனி நேர்முகத்துக்குப் பழகவேண்டும். சாயங்காலங்களில் குணாளன் கேள்வி கேட்பான், அவள் பதில் சொல்வாள். ஆனால் அவனால் இறுக்கமான முகத்தோடு இருக்க முடியாது. அவள் ஆங்கிலத்தில் நிமிர்ந்து பேச ஆரம்பித்ததும் பெருமையில் சிரித்துவிடுவான்.

ஒருநாள் அவனுக்குச் சாயங்கால ஷிப்ட். திலகா மடிக்கணினிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி மறுநாள் கேண்டீனுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் கேக்கறேன். நீ சொல்லு."

"இங்கிலீஷ்ல கேக்கணும் அத்தே."

"நான் தமிழ்ல கேக்கறேன். நீ எதுல வேணாலும் சொல்லு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முகத்தை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டாள். "உங்க பேரென்ன?"

திலகா சிரித்தாள். புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள், உங்கள் ஊரில் நோயாளிகள் இல்லையா என்று கேட்டாள். திலகா முத்தாயியைப் பற்றிச் சொன்னாள். மருந்து கொடுக்கத் தெரியும், ஆளைப் பிடித்து வைக்கத் தெரியவில்லை, ஒரு குடும்பத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்க்கிற முறையைப் படிக்க வேண்டும், படித்துவிட்டு இதே மாதிரி ஓர் ஊரில் உட்கார வேண்டும் என்று சொன்னாள். தமிழில் சொல்லும்போது அது இன்னும் எளிதாக வந்தது. புஷ்பவள்ளி தலையாட்டினாள். பிறகு வெங்காயத் தட்டைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"உங்க வீட்ல யார் யார் இருக்கா?"

"நான், என் ஹஸ்பன், அவரோட அம்மா."

"நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துட்டா அந்தம்மா எங்க இருப்பாங்க? தோட்டத்து வீடுன்னா மகன் வேலைய விட்டதும் திருப்பிக் கொடுக்கணும் இல்ல?"

திலகா மடிக்கணினியை மூடினாள். ஐந்து மருத்துவமனைகளுக்காகத் தயார் செய்து வைத்திருந்த எதுவும் உதவவில்லை.

"தெரியல."

"ஆபிசர்கிட்ட தெரியலன்னு சொன்னா எடம் கொடுக்க மாட்டாங்க."

"நெசமா தெரியல அத்தே. அத நெனச்சா படிச்சது ஒண்ணும் மண்டைல ஏற மாட்டேங்குது. போன தடவ கெடைக்கலன்னதும் அழுதேன். ஆனா ஒரு பக்கம் எனக்கே நிம்மதியா இருந்துச்சு."

புஷ்பவள்ளி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும்தான்" என்றாள்.

வெங்காயத்தின் காரம் இருவர் கண்ணிலும் இருந்தது. துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. பிறகு புஷ்பவள்ளி எழுந்தாள்.

"நான் அந்த ஆபிசரா இருந்தா உனக்கு எடம் கொடுக்க மாட்டேன். இங்கயே வெச்சிக்குவேன்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து, அதற்காக நீ ஒழுங்காகப் பதில் சொல்லாமல் விட்டுவிடாதே என்று குரல் வந்தது.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் புஷ்பவள்ளியே கேள்வி கேட்டாள். திடீர் திடீரென்று கேட்பாள். சோறு பரிமாறும்போது, துணி காயப்போடும்போது. உனக்குக் கோபம் வருமா, வந்தால் என்ன செய்வாய்? நர்ஸ் சொன்னது சரி, நீ சொன்னது தப்பு என்றால் ஒத்துக்கொள்வாயா? பிரெண்டன் கொடுத்த கேள்விகளைவிட இவை கஷ்டமாக இருந்தன. மனப்பாடம் செய்த பதில்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போயின. வீட்டைப் பற்றிய அந்தக் கேள்வியை மட்டும் அவள் மறுபடி கேட்கவில்லை.

நேர்முகங்கள் இணையவழியே நவம்பரிலும் டிசம்பரிலும் நடந்தன. அமெரிக்கக் காலை நேரம், லாபுவில் ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரம். ஒன்றில் மழை கொட்டி இணையம் இரண்டு முறை அறுந்தது. திலகா மன்னிப்புக் கேட்டே களைத்துப் போனாள். இன்னொன்றில் எதிரில் இருந்தவர் அவள் விண்ணப்பத்தைப் படிக்காமலே வந்திருந்தார். பிரெண்டனுடைய மருத்துவமனையில் நன்றாகப் பேசினாள், அது அவளுக்கே தெரிந்தது. நான்காவது, நெப்ராஸ்கா மாநிலத்தில் சோளக் காடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். பயிற்சித் தலைவராக இருந்த பெண்மணி, நீங்கள் தோற்ற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார். திலகா முத்தாயியின் காலைச் சொன்னாள். அதிலிருந்து என்ன கற்றேன் என்று அழகாக முடிக்கப் பார்க்கவில்லை. அந்தக் கால் போனது போனதுதான் என்று சொல்லி நிறுத்தினாள். அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெரட்டுக் களம் எப்படி இருக்கும் என்று கேட்டார். அதற்குப் பிறகு அது நேர்முகமாக இல்லை. இரண்டு டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது. எங்கள் ஊரிலும் இறைச்சி ஆலையில் வேலை செய்கிறவர்கள் கிளினிக்குக்கு வருவதில்லை, விடுப்புக் கிடைக்காது என்றார் அவர்.

பிப்ரவரியில், எந்த மருத்துவமனை முதலில் வேண்டும் என்ற விருப்ப வரிசையைப் போடவேண்டும். பிரெண்டனின் ஊரை முதலில் போடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அங்கே தெரிந்த முகம் உண்டு, ரசம் உண்டு. திலகா நெப்ராஸ்காவை முதலில் போட்டாள். பிரெண்டனிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, நானும் அதைத்தான் சொல்லலாம் என்று இருந்தேன், நீ கோபிப்பாய் என்று பேசாமல் இருந்தேன் என்றான்.

மார்ச்சில் அந்தத் திங்கட்கிழமை வந்தது. இந்த முறை கைப்பேசியை அணைக்கவில்லை. மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். செய்தி வந்தது. திலகா படித்துவிட்டுக் கைப்பேசியைக் குணாளனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான். புஷ்பவள்ளிக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். வாழ்த்துகள் என்ற முதல் சொல்லைப் பார்த்தே புரிந்துகொண்டாள்; திலகாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எந்த ஊர் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. நெப்ராஸ்கா.

சனிக்கிழமை காலை குணாளன் முகம் சரியில்லை. விடியுமுன்பிருந்தே விழித்திருந்தவன் போலத் தெரிந்தான். ஜன்னல் கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தது அந்தக் கீல். திலகா பக்கத்தில் போய் நின்றாள். நீ முதலில் போ, நான் ஒரு வருடம் கழித்து வருகிறேன், அம்மாவுக்கு ஒரு வழி செய்துவிட்டு வருகிறேன் என்றான் அவன். திலகா வேண்டாம் என்றாள். சிரம்பானில் பாரோய் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று பேச்சு ஓடியது. அங்கே அம்மாவுக்கு யாரைத் தெரியும், கேண்டீனுக்கு எப்படி வருவாள் என்று அதுவும் முட்டி நின்றது.

புஷ்பவள்ளி அடுப்பில் மீஹூன் சேமியா பிரட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"சூசையம்மா வீட்ல பின்னால ரூம் காலி. நான் பேசிட்டேன்."

"எப்ப பேசுனீங்க?" என்றான் குணாளன்.

"டிசம்பர்ல."

டிசம்பரில் இடம் கிடைக்குமா என்றே தெரியாதே என்று திலகா கேட்டாள்.

"கெடைக்கும்னு எனக்குத் தெரியும். தெனமும் கேள்வி கேட்டவ நாந்தானே?" என்றாள் புஷ்பவள்ளி. அதற்குமேல் விளக்கம் எதுவும் தரவில்லை. சூசையம்மாளின் பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், அந்த வீட்டில் ஆள் இல்லாமல் அவளுக்கும் கஷ்டம், இருவருமாகக் காலையில் கேண்டீனுக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் போய்விடலாம் என்று மட்டும் சொன்னாள். திலகா அவள் கையைப் பிடித்தாள். எண்ணெய்க் கை, விடு என்று புஷ்பவள்ளி உதறிக்கொண்டாள். பிறகு அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் முதல் வாரம், குணாளன் வேலையை விட்டதும், வீடு காலி செய்தார்கள். ஆலையிலிருந்து ஒரு லாரி கிடைத்தது. சூசையம்மாளின் வீடு லாபு டவுனுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீடு. பின்னறைக்கு ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு பப்பாளி. குணாளன் உள்ளே நுழைந்ததும் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பின்னறைக்குப் புதிதாக ஒரு வயர் இழுத்தான். குளியலறைக்கு ஒரு ஹீட்டரும் மாட்டினான். சூசையம்மாள் நாற்பது வருடமாகப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவள். இது எதற்கு என்று சிரித்தாள். புஷ்பவள்ளி தன் சாமி படத்தையும் சூசையம்மாளின் மாதா படத்தையும் ஒரே அலமாரியில் எப்படி வைப்பது என்று அவளோடு வாதாடினாள். கடைசியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

திலகா தன் இடத்துக்கு வந்திருந்த புது டாக்டர் ஹேமநாதனிடம் மாமியாரின் ரத்த அழுத்தத்தைப் பற்றி முதல் நாளே பேசியிருந்தாள். மாத்திரைப் பெட்டியில் வாரக் கிழமைகளை எழுதி ஒட்டினாள். புஷ்பவள்ளி கட்டிலில் உட்கார்ந்து, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று முனகினாலும், ஒவ்வொரு கிழமையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மதியம் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எத்தனை வருடம் என்று சூசையம்மாள் கேட்டாள். திலகா வாயில் சோற்றோடு இருந்தாள்.

"மூணு வருஷம்" என்றாள் புஷ்பவள்ளி. "படிப்பு முடிஞ்சதும் திரும்பி வரணும்னு அந்த விசாவுலயே இருக்காம். நான் பிரெண்டன்கிட்டயே கேட்டுட்டேன்."

திலகா அவளைத் திரும்பிப் பார்த்தாள். புஷ்பவள்ளி அதைக் கண்டுகொள்ளாமல், அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.